கோல்ரிட்ஜின் மாலுமியைத் தண்டிப்பது யார்?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வாசகர் வட்டத்தில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'ஏன்ஷியன்ட் மரைனர்' (முதிய மாலுமி) கவிதையைப் பற்றிப் பேசப் போகிறாயாமே, மகிழ்ச்சி. ஆனால் "மாலுமி பறவையைக் கொன்றான், கடவுள் தண்டித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. அந்தக் கவிதையில் தண்டனை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

முதலில் துருவ ஆவி. பனிப் பிரதேசத்திலிருந்து கப்பலுக்கு அடியில் ஒன்பது பாகம், அதாவது 54 அடி, ஆழத்தில் பின்தொடர்ந்து வருகிறது. மாலுமி கொன்ற ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையை நேசித்த ஆவி அது. பறவையோ தன்னைக் கொன்றவனையே நேசித்ததாம். ஆவிக்கு வேண்டியது பழிவாங்கல்.

அடுத்து பேய்க்கப்பல். மூன்றாம் பகுதியில் மரணமும் ஒரு வெளிறிய பெண்ணும் பகடை உருட்டுகிறார்கள். "ஜெயித்துவிட்டேன்" என்று அவள் மும்முறை சீழ்க்கை அடிக்கிறாள். பிறகு கப்பலில் இருந்த மற்ற 200 பேர் ஒருவர் பின் ஒருவராகச் செத்து விழுகிறார்கள். எய்தவன் மட்டும் மிச்சம்! மற்றவர்கள் செய்த குற்றம் என்ன? பறவை செத்ததும் முதலில் அவனைத் திட்டினார்கள். மூடுபனி விலகியதும் "செய்தது சரிதான்" என்றார்கள். அதனால் அவர்களும் உடந்தை என்று சொல்வது, கவிதையின் ஓரத்தில் கோல்ரிட்ஜே எழுதிய ஓரக்குறிப்பு. அந்தக் குறிப்புகள் கவிதை முதலில் வெளியான 1798-ஆம் ஆண்டு 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்பில் கிடையாது; 1817-இல்தான் சேர்த்தார். அவள் ஜெயித்தது மாலுமியை என்பதையும் குறிப்புதான் சொல்கிறது. 'லைஃப்-இன்-டெத்' என்ற அவள் பெயரும் 1817-இல் வந்ததுதான்.

ஆகவே ஓரத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படி. பிறகு குறிப்போடு படி. முதல் வாசிப்பில் சூதாட்டமாகத் தெரிவது இரண்டாவதில் நீதிமன்றமாகிவிடும். எனக்கு முதல் வாசிப்புதான் பிடிக்கும்.

பேசுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது நான்காம் பகுதியில். ஏழு நாள் பிணங்களின் பார்வையில் கிடந்தவன், நிலவொளியில் நீர்ப்பாம்புகளைப் பார்த்துத் தன்னை அறியாமல் வாழ்த்துகிறான். மற்றவர்கள் அவன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பறவை ஈயம்போல் கடலில் விழுகிறது. இதோடு மன்னிப்பு கிடைத்தது என்று முடித்துவிடுவார்கள். ஐந்தாம் பகுதியின் கடைசி வரிகளைப் பார்: பரிகாரம் செய்தான், இன்னும் செய்வான் என்கிறது ஒரு குரல். ஏழாம் பகுதியில் அது என்னவென்று தெரியும். எப்போதென்று சொல்ல முடியாமல் வேதனை திரும்பி வரும், கதையைச் சொன்னால்தான் அடங்கும். இந்தத் தண்டனையைக் கொடுப்பது என்று எந்த ஆவியின் பெயரும் இல்லை.

பறவையைச் சுடும் யோசனை கோல்ரிட்ஜின் நண்பரான கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கொடுத்தது. 1726-இல் வந்த ஷெல்வாக் என்ற கப்பல் தலைவரின் பயண நூலில் அவர் படித்தது. அங்கே சைமன் ஹாட்லி என்ற கப்பல் அதிகாரி கருப்பு ஆல்பட்ராஸ் ஒன்றைச் சுடுகிறான், நல்ல காற்று வரும் என்று நம்பி.

கவிதை சொல்லும் நீதி எங்கே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அந்தக் காலத்துக் கவிஞர் திருமதி பார்பால்ட் கோல்ரிட்ஜிடமே கேட்டார். நீதி அதிகமாகிவிட்டதே குறை என்று கோல்ரிட்ஜ் பதில் சொன்னார். 'அராபிய இரவுகள்' வணிகன் பேரீச்சங்கொட்டையை எறிய, அது பூதத்தின் மகன் கண்ணில் பட்டதே, அப்படி இருந்திருக்க வேண்டுமாம். கேட்பவர்களுக்கு அந்தப் பதிலையே சொல். வட்டத்தில் விவாதம் எப்படிப் போனதென்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்