தாதியர் வீடு தேடி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒருவரை அடுக்குமாடி வீட்டிலிருந்து இறக்கி, காரில் ஏற்றி, மருத்துவமனையில் அரை நாள் காக்க வைப்பது அவருக்கும் வதை, வேலையை விட்டுவிட்டுக் கூடவே போகும் மகனுக்கும் வதை. பல நேரங்களில் அங்கே நடப்பது புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதும் மூக்குவழி உணவுக் குழாய் மாற்றுவதும்தான். இரண்டையும் பயிற்சி பெற்ற தாதி வீட்டிலேயே செய்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, குழாய்வழி உணவு தரும்போது தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்துவது என்று கட்டிலருகிலேயே மனைவிக்குக் கற்றும் தரலாம். படுக்கைப் புண்ணைத் தடுப்பது அப்படிப் புரட்டிவிடும் கைப்பழக்கம்தான்.

நம் மலேசிய நாட்டுக்கு இது புதிதன்று. சுகாதார அமைச்சின் கிளினிக்குகள் வழியாக இல்லப் பராமரிப்புச் சேவை 2014 முதல் இருக்கிறது. 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா என்னும் தொண்டு நிறுவனம், கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கடும் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று கட்டணமின்றிப் பணியாற்றுகிறது. ஆனால் நம்மவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவமனை இச்சேவைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழ் பேசும் தாதியரைக் கூடுதலாக அமர்த்த வேண்டும். கோயில் நிர்வாகங்களும் அறிவிப்புப் பலகையில் இத்தகவலை ஒட்டலாமே!

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்