வெள்ளத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவரும் நண்பர்களுக்கு, கடலூரிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களே,

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று கடலூரும் புதுச்சேரியும் அடிவாங்கிய ஒவ்வொரு முறையும் லாரி பிடித்து வந்து நின்றவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன். தண்ணீர் பாட்டிலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை மழைக்கு முன்பே, கோடையிலேயே, வெள்ளி பூசிய மண் ஃபில்டர் செய்யக் கொடுப்பீர்களா?

பாட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் நாலைந்து நாளைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் உங்கள் லாரி திரும்பிப் போன பிறகுதான் இங்கே தண்ணீர்ப் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. தென்பெண்ணையும் கெடிலமும் வடிந்த பிறகு கைபம்பில் கலங்கலாக வரும், நிரம்பி வழிந்த கழிப்பறைத் தொட்டியின் தண்ணீர் எந்தக் கிணற்றில் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, கரண்ட் இல்லாமல் ஆர்.ஓ. மெஷின் சும்மா நிற்கும், காய்ச்சிக் குடிக்கலாம் என்றால் விறகெல்லாம் நனைந்து கிடக்கும். வாந்திபேதி வருவது அந்த நாட்களில்தான், அதுவும் முதலில் குழந்தைகளுக்கு.

நான் சொல்லும் ஃபில்டர் புதிதல்ல. 1981-இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் வடிவமைத்தது. 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட பிறகு நிகரகுவாவில் ரான் ரிவேரா என்ற குயவர் அதைக் கையில் எடுத்து, நாடு நாடாகப் போய் உள்ளூர்க் குயவர்களுக்கே கற்றுக்கொடுத்தார். புயல் அடித்த ஊரில், அந்த ஊர் மண்ணில், அந்த ஊர்க்காரர்கள் செய்தது என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிடிப்பு.

செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். களிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலித்து, அதே மாதிரி சலித்த உமித்தூளையோ மரத்தூளையோ எடைபோட்டுக் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, லாரிக்குப் போடுகிற ஜாக்கி பொருத்திய அச்சில் வைத்து அழுத்தினால் பூந்தொட்டி வடிவத்தில் வரும். நிழலில் உலர்த்திச் சூளையில் ஏறத்தாழ 850, 900 டிகிரியில் சுடும்போது உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகிவிடும். மூடியும் குழாயும் உள்ள பிளாஸ்டிக் வாளியின் வாயில் இந்தப் பானையைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று லிட்டர் வரை சொட்டும். கரண்ட் வேண்டாம், கேஸ் வேண்டாம்.

வெள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். அழுக்கையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் தடுத்து நிறுத்துவது மண்தான். ஆனால் நின்ற கிருமி துளைக்குள்ளேயே பெருகி பானையின் மேல் வழுவழுவென்று படியும். அதைச் சாகடிக்கத்தான் கூழ்ம வெள்ளியை, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகளைத் தண்ணீரில் கலந்து உள்ளும் புறமும் பிரஷ்ஷால் பூசுகிறார்கள். வெள்ளி அயனி பாக்டீரியாவின் நொதிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. ஒரு பானைக்குச் செலவாவது சில பத்து மில்லிகிராம் வெள்ளிதான். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருந்தால் தீங்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புதுப் பானையில் முதலில் இறங்கும் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கம்போடியாவில் இந்த ஃபில்டரைக் கொடுத்து ஆய்வு செய்தபோது வயிற்றுப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே நாட்டில் இன்னொன்றும் தெரியவந்தது: மாதத்துக்கு நூற்றில் இரண்டு வீடு என்ற கணக்கில் ஃபில்டரைக் கைவிட்டார்கள், பெரும்பாலும் பானை உடைந்ததால். அதனால் பானையைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மாற்றுப் பானைக்கும் சேர்த்துப் பணம் வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே தெருவுக்கு வந்து பாருங்கள்.

முக்கியமான விஷயம் இது, தயவுசெய்து மக்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஃபில்டர் உப்பை எடுக்காது. கடல்நீர் ஏறிய கிணற்றுத் தண்ணீர் இதில் ஊற்றினாலும் உப்பாகத்தான் இறங்கும். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்களில் ரசாயனம் கலந்த நிலத்தடி நீருக்கு இது மருந்தே இல்லை, அங்கே இதைக் கொடுத்து 'சுத்தமான தண்ணீர்' என்று சொன்னால் அது பெரிய தப்பு. வைரஸையும் நம்பும்படி தடுக்காது, ஆகவே மஞ்சள் காமாலை பரவும்போது வடிகட்டியதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை மேலே ஊற்றக்கூடாது, குளோரின் வெள்ளியைக் கரைத்துவிடும். போடுவதாக இருந்தால் வடிகட்டிய பிறகு போடட்டும். கலங்கல் அதிகமாக இருந்தால் நம் பாட்டிமார் செய்தது போல தேற்றான்கொட்டை உரைத்துத் தெளியவைத்து, துணியில் வடித்து ஊற்றினால் பானை சீக்கிரம் அடைக்காது. அடைத்தால் சோப்புப் போடாமல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இதைச் செய்ய ஆளுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிப் பக்கம் இருக்கும் வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லும் கைகள் அங்கே இருக்கும்போது நாம் பிளாஸ்டிக் பாட்டிலை லாரி லாரியாக இறக்கி, அடுத்த மாதம் அதையே கெடிலத்தில் மிதக்கவிடுகிறோம்.

பணத்தை எதில் போட வேண்டும் என்றால், சூளைக்கும் அச்சுக்கும் எவ்வளவு போடுகிறீர்களோ அதே அளவு சோதனையிலும் போடுங்கள். ஒவ்வொரு பானையையும் ராத்திரி முழுக்க ஊறவைத்து, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளந்துதான் வெள்ளி பூச வேண்டும். அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் எங்கோ விரிசலோ பெரிய துளையோ இருக்கலாம், அதை அங்கேயே உடைத்துவிட வேண்டும், பாவம் பார்த்து யார் வீட்டுக்கும் அனுப்பக்கூடாது. கொஞ்சம் பானைகளில் வடித்த தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, மலம் கலந்ததைக் காட்டும் இ.கோலி பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உடைக்கிற பானைக்கும் குயவருக்குக் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிட்டால் யாரும் ஓட்டைப் பானையை ஒளித்துவைக்க மாட்டார்கள்.

ஏரி காய்ந்திருக்கும்போதுதான் களிமண் எடுக்க முடியும், வெயில் இருக்கும்போதுதான் பானை உலரும். அதனால் ஐப்பசியில் போன் செய்யாதீர்கள், பங்குனிக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். வில்லியனூருக்குக் கூட்டிப்போக நான் தயார்.

அன்புடன்,
கெடிலக் கரையிலிருந்து ஒருத்தி