லுசாகா வருவதற்கு முன் கொஞ்சம் ஞாஞ்சா

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல்.

மாற்றல் லுசாகாவுக்கே என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆபீஸில் இங்கிலீஷ்தானே, ஊர் பாஷை எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். ஆபீஸுக்கு வேண்டாம்தான், ஜாம்பியாவின் அரசு மொழியே ஆங்கிலம். ஆனால் மினிபஸ்ஸில், சந்தையில், வாட்ச்மேனிடம் எல்லாம் ஞாஞ்சாதான்.

புத்தகம் தேடினால் ஞாஞ்சாவின் இன்னொரு பெயரான 'சிச்சேவா' என்று தேடு. பக்கத்து நாடான மலாவியில் 1968-இல் ஜனாதிபதி பண்டா ஆட்சியின்போது அதைத் தேசிய மொழியாக்கி அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஜாம்பியாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. மொசாம்பிக்கின் டெட்டே பக்கமும் பேசுகிறார்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சௌகரியம். வெள்ளைக்காரர்கள் திணறும் ஞ, ங எல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாட்டுக்கு 'ஙொம்பே' என்று பெயர். அரிச்சுவடியில் சும்மா கிடந்த ஙகர வரிசைக்கு இங்கே வந்துதான் வேலை கிடைத்திருக்கிறது!

கஷ்டமெல்லாம் இலக்கணத்தில். பெயர்ச்சொற்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பெயரின் முன்னொட்டு வாக்கியம் முழுக்கத் தொடரும். 'என் பெரிய தொப்பி தொலைந்துவிட்டது' என்பதற்கு 'சிபேவா சங்கா சசிகுலு சதாயிகா'. ('ச'வை 'பச்சை'யில் வருவது போல அழுத்திச் சொல்.) தொப்பிகள் என்று பன்மையாக்கினால் எல்லாம் மாறி 'ஸிபேவா ஸங்கா ஸஸிகுலு ஸதாயிகா'. நாம் விகுதியில் செய்வதை இவர்கள் முன்னால் செய்கிறார்கள். முதலில் இதைப் பிடித்துக்கொள், மற்றதெல்லாம் பின்னால் வரும்.

அப்புறம், புத்தகத்தில் படித்ததை அப்படியே லுசாகாவில் பேசினால் சிரிப்பார்கள். ஊர்ப்பேச்சில் ஜாம்பியாவின் இன்னொரு மொழியான பெம்பாவும் ஆங்கிலமும் தாராளமாகக் கலந்திருக்கும். புத்தகம் 'ந்திலி ப்வீனோ' (நன்றாக இருக்கிறேன்) என்று சொல்லித்தரும், தெருவில் 'நிலி ப்வீனோ'. விலையைப் பெரும்பாலும் ஆங்கில எண்ணில்தான் சொல்வார்கள், அதனால் எண்களை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதே.

நீ, நீங்கள் வித்தியாசம் இங்கேயும் உண்டு. நம்மைப் போலவே பன்மைதான் மரியாதை. என்னை 'உலி ப்வாஞ்சி?' என்று நலம் விசாரி, பெரியவர்களிடம் 'முலி ப்வாஞ்சி?' என்று கேள். விசாரிக்காமல் நேராக விஷயத்துக்குப் போனால் ஏதோ சண்டைக்கு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இங்கே லுசாகாவில் சொவெட்டோ சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். காசைக் கொடுத்துவிட்டு உடனே நகராதே. 'ம்பசேலா' என்று கேள். கொசுறுதான்! அந்த அம்மா முறைப்பது போல முறைத்துவிட்டு இன்னும் ரெண்டு தக்காளியைப் பையில் போடுவாள். 'ஸிகோமோ' என்று நன்றி சொல்லிவிட்டு வா.

சரி, டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. ஜூன், ஜூலை என்றால் ஸ்வெட்டர் அவசியம். காலையில் குளிர் நடுக்கிவிடும்.

அன்புடன்,
பாலு