ஹாங்காங் கருத்தரங்குக்கு வருவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். கருத்தரங்கு திங்களன்று வான்சாய் கடலோர மாநாட்டு மையத்தில் தொடங்குகிறது. விசா எடுக்காமல் இந்தியக் கடவுச்சீட்டில் வருவோர் இணையத்தில் வருகைக்கான முன்பதிவு செய்து, அதற்கான ஒப்புதல் தாளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

மாலை அமர்வு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவது பாவம்! மையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டார் ஃபெரி படகுத்துறை இருக்கிறது. சில ஹாங்காங் டாலர்களுக்கு விக்டோரியா துறைமுகத்தைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள சிம் சா சுயி பகுதிக்குப் போய்விடலாம். விலையுயர்ந்த சுற்றுலாப் படகுகள் தேவையே இல்லை என்பது என் கருத்து. இரவு 8 மணி ஒளிக்காட்சியை அக்கரையில் நின்று பாருங்கள். கட்டடங்கள் முழுதாகத் தெரியும். பிறகு நேதன் சாலையில் கடைகளும் விடுதிகளும் நிறைந்த சுங்கிங் மேன்ஷன்ஸ் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்க வணிகர்கள், பாகிஸ்தானியர், நம்மவர்கள் என எல்லோரும் ஒரே மின்தூக்கிக்கு வரிசையில் நிற்பார்கள். சைவர்களுக்கும் அங்கே சாப்பாடு கிடைக்கும்.

1904 முதல் ஓடும் டிராமில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது கட்டணம் செலுத்த வேண்டும். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் ஆக்டோபஸ் அட்டை இருந்தால் சில்லறைத் தொல்லை இல்லை.

செவ்வாய் மாலை 7 மணிக்கு வான்சாய் படகுத்துறை வாயிலில் கூடுவோம். வருபவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள்.