அழிக்கப்பட்ட ஒளிநாடாக்கள்: என்எஃப்எல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் ஆணையர் திரு. ரோஜர் குடெல் அவர்களுக்கும், அதன் 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

2007 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்துச் சிக்கிய விவகாரத்தில், தாங்கள் விதித்த தண்டனை கூடுதலா குறைவா என்று வாதிடுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்த வாதம் பாஸ்டனிலும் பிட்ஸ்பர்க்கிலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கையில் கிடைத்த சான்றுகளைத் தங்கள் அலுவலகமே அழித்தது எந்த வகையில் முறையாகும் என்பதும், இனி அப்படி நடக்காது என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி இருக்கிறது என்பதும்தான் என் கேள்விகள்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்திராத வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாக்கும் அணியின் ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் 1994 முதலே தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியாளரின் குரலைக் கேட்டு வந்தார். தடுக்கும் அணிக்கோ அந்த வசதி 2008இல்தான் வந்தது. அதுவரை தடுப்புப் பயிற்சியாளர் மைதானத்தின் ஓரத்தில் நின்று, கையைத் தோளிலும் தொப்பியிலும் வைத்துக் காட்டும் சைகைகளே வீரர்களுக்கு ஆணை. அவற்றைக் கண்ணால் பார்த்து ஊகிப்பது குற்றமன்று. எல்லா அணிகளும் செய்தவைதான். பேட்ரியாட்ஸ் செய்தது வேறு. எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம் என்று காட்டும் மதிப்பெண் பலகையை முதலில் படம்பிடித்து, அடுத்து எதிரணிப் பயிற்சியாளரின் கைகளைப் படம்பிடித்து, இரண்டையும் நடந்த ஆட்டத்தோடு பொருத்திப் பார்த்தால், அடுத்த முறை அதே சைகை வரும்போது அதன் பொருள் கைவசம் இருக்கும். இப்படி எந்த வகையில் படம்பிடிப்பதும் கூடாது என்று 2006 செப்டம்பரிலேயே எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை போயிருந்தது. அதற்கு ஓராண்டு கழித்து, 2007 செப்டம்பர் 9 அன்று, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக நியூ ஜெர்சியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பேட்ரியாட்ஸ் ஊழியரின் கேமரா பறிமுதல் செய்யப்பட்டது.

நான்கே நாட்களில் தீர்ப்பு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2008ஆம் ஆண்டுக்கான முதல் சுற்றுத் தேர்வு உரிமை பறிப்பு. அணியிடம் இருந்த மற்ற ஒளிநாடாக்களும் குறிப்புகளும் தங்கள் அலுவலகத்தின் கைக்கு வந்தது இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான். ஃபாக்ஸ்பரோவில் உள்ள ஜில்லெட் மைதானத்துக்குச் சென்ற தங்கள் அதிகாரிகள் ஒளிநாடாக்களைக் காலால் மிதித்து நொறுக்கியதாகவும், குறிப்புகளைத் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டதாகவும் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் 2015இல் விரிவாக எழுதியது. அவை அழிக்கப்பட்டதைத் தாங்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. அணி தங்களிடம் சொன்னதோடு அவை முழுமையாக ஒத்துப்போனதால் அழித்ததாகவே விளக்கம் அளித்தீர்கள். ஆனால், ஒத்துப்போகின்றன என்பதைத் தங்கள் அலுவலகம் தவிர வேறு எவரும் சரிபார்க்க வழியில்லாமல் போனது. நாடாக்கள் ஆறு என்றும், அவை 2006 பருவத்தையும் 2007இன் முன்பருவத்தையும் சேர்ந்தவை என்றும் தாங்களே சொன்னீர்கள். பெலிச்சிக்கோ தாம் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 2000ஆம் ஆண்டு முதலே இப்படிப் படம்பிடித்து வந்ததாகத் தங்களிடம் கூறியிருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அணி வென்ற மூன்று சூப்பர் பவுல் இறுதி ஆட்டங்களிலும் வித்தியாசம் தலா மூன்றே புள்ளிகள். அந்த மூன்று புள்ளிகளில் சைகைத் திருட்டுக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று காட்டியிருக்கக்கூடிய தாள்களும் சேர்ந்தே கிழிக்கப்பட்டுவிட்டன என்பதுதான் என் வருத்தம்.

வதந்திகள் அங்கேதான் பிறந்தன. 2002 சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் ஒத்திகையைப் பேட்ரியாட்ஸ் படம்பிடித்ததாக பாஸ்டன் ஹெரால்டு நாளிதழ் 2008 பிப்ரவரியில் எழுதியது. அது பொய்யென்று தெரிந்து, மே மாதம் அந்த நாளிதழ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் ராம்ஸ் ரசிகர்களிடம் அந்தச் சந்தேகம் இன்றும் தீரவில்லை. பென்சில்வேனியாவின் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர், பேஸ்பாலின் ஊக்கமருந்து விவகாரத்தில் நடந்ததைப் போல் இதற்கும் ஒரு சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று கேட்டபோது, அவர் தம் மாநில அணிகளுக்காகப் பேசுகிறார் என்று சிலர் ஒதுக்கித் தள்ளினர். யாருக்காகப் பேசியிருந்தாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

அதன்பின் 2015 வந்தது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு எதிரான அரையிறுதியில் பேட்ரியாட்ஸ் பந்துகளில் காற்று குறைவாக இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டில், குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் நான்கு ஆட்டத் தடையைத் தாங்கள் உறுதிசெய்தீர்கள். அதற்கு அவர் தம் கைபேசியை அழித்ததை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினீர்கள். விசாரணையில் இருப்பவர் சான்றை அழிப்பது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஆகலாமா? ஒரு வீரரின் கைபேசிக்குப் பொருந்தும் நெறி, விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அலுவலகத்தின் கையில் இருந்த ஒளிநாடாவுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்த வேண்டாமா?

அந்த வழக்கின் அடித்தளமே பதிவின்மையால் ஆட்டம் கண்டது. பந்துகளில் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்டத்துக்கு முன் நடுவர் அளந்த எண்களை எவரும் எழுதிவைக்கவில்லை. இடைவேளையில் அளந்த இரண்டு மானிகளும் ஒன்றுக்கொன்று வேறான எண்களைக் காட்டின. குளிரில் பந்தின் அழுத்தம் தானாகவே குறையும் என்பது பள்ளி இயற்பியல். எனவே எவ்வளவு குறைவு இயல்பு, எவ்வளவு குறைவு கைவேலை என்பதே முழு வழக்கும். அடுத்த பருவத்தில் தங்கள் அலுவலகம் நல்லதொரு காரியம் செய்தது. தேர்ந்தெடுத்த ஆட்டங்களில் இடைவேளையின்போதும் பந்துகளை அளந்து குறித்துவைக்க ஏற்பாடு செய்தது. பிரேடி குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு வேறு எந்த அறிக்கையையும் விட அந்த எண்கள் தெளிவாக விடை சொல்லியிருக்கும். அவை இன்றுவரை வெளியிடப்படவில்லை.

மாறாக, 2019 டிசம்பரில் அதே அணியின் படக்குழு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியினர் நின்ற மைதான ஓரத்தைப் படம்பிடித்துச் சிக்கியபோது, அந்தக் காட்சி தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது. கேமரா எதை நோக்கியிருந்தது என்பதைப் பார்த்தவர் எல்லாரும் தாமே முடிவு செய்துகொண்டார்கள். 11 லட்சம் டாலர் அபராதத்தையும் மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமை பறிப்பையும் பற்றிப் பெரிய சந்தேகம் எதுவும் எழவில்லை.

ஆகவே ஆணையர் அவர்களையும் உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஆட்டத்தின் நேர்மை சார்ந்த விசாரணைகளில் கிடைக்கும் எந்தச் சான்றையும், வழக்கு முடிந்த பிறகும்கூட, கூட்டமைப்போ அணியோ அழிக்கக் கூடாது என்ற விதி வேண்டும். அவை கூட்டமைப்பின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவரின் காவலில் இருக்க வேண்டும். தண்டனை விதிப்பவரே மேல்முறையீட்டையும் கேட்கும் இன்றைய முறையும் மாற வேண்டும். வீரர்களின் தனிப்பட்ட ஒழுக்கம் சார்ந்த வழக்குகளை முதலில் விசாரிக்க, வீரர் சங்கத்துடனான 2020 ஒப்பந்தம் ஒரு சுதந்திரமான அதிகாரியை நியமித்திருக்கும்போது, பயிற்சியாளர்களும் அணிகளும் சிக்கும் வழக்குகளுக்கு மட்டும் அது ஏன் ஆகாது என்பது எனக்கு விளங்கவில்லை. 2015 பருவத்தின் அழுத்த எண்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால் அவற்றை அப்படியே வெளியிடுங்கள்.

விதியை மாற்ற 32இல் 24 உரிமையாளர்களின் வாக்கு போதும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இந்த முன்மொழிவைக் கொண்டுவருமாறு பேட்ரியாட்ஸ் உரிமையாளர் திரு. ராபர்ட் கிராஃப்ட் அவர்களை இந்த மடல் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். செய்யாத குற்றங்களையும் தம் அணியின் தலையில் கட்டுகிறார்கள் என்று வருந்துபவர் அவர். நாடாக்களும் தாள்களும் பத்திரமாக இருந்திருந்தால் முதலில் பயனடைந்திருக்கக் கூடியதும் அவர் அணிதான்.

இப்படிக்கு,
தங்கள் ஆட்டத்தை நெடுநாளாகப் பின்தொடரும் ஒரு ரசிகர்