ஓர் ஒழுங்கையில் மென்பந்துக் கோல்ஃப் ஆட அனுமதி கோரும் மனு

மாநகர ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

கொழும்பு 13 இல் பஸ் ஓடாத ஓர் ஒழுங்கையை, போயா (பௌர்ணமி) தினங்களில் காலை 6 மணி முதல் 8 மணி வரை வாகனங்களுக்கு மூடி, வீதிக் கோல்ஃப் ஆட எழுத்துமூல அனுமதி தருமாறு வேண்டுகிறோம். வெசாக், பொசன் தினங்களைக் கேட்கவில்லை; அன்று வீதி இலவச உணவு வழங்கும் தன்சல்களுக்கும் பக்தர்களுக்கும் உரியது. ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் பூசைக்குப் போவோர் நடக்கும் நேரம், அதனால் அதையும் தவிர்த்தோம்.

அச்சமெல்லாம் பந்தைப் பற்றியதுதான். கோல்ஃப் பந்து 42.67 மி.மீ.க்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மேற்படாத எடையும் உள்ள கெட்டிப் பந்து. காபட் வீதியில் விழுந்து எகிறினால், வடிகான் மூடியின் விளிம்பில் பட்டு எங்கே திரும்பும் என்று அடித்தவருக்கே தெரியாது. அதை வீதியில் அடியோடு தடைசெய்யுங்கள். நாங்கள் கேட்பது பழைய டெனிஸ் பந்துக்கு. தடித்த ஊசியால் இரண்டு மூன்று துளையிட்டுக் காற்றை விட்டால் அது அதிகம் எகிறாது. எடையில் கோல்ஃப் பந்தைவிடக் கூடியதுதான், ஆனால் உள்ளே வெறுமையானது, பட்டதும் நசுங்கும். பருமனாலும் மேலுள்ள பஞ்சாலும் காற்றில் விரைவாக வேகம் இழக்கும். நனைந்தால் பாரம் கூடும், அப்போது அதை ஒதுக்கிவிட வேண்டும். இதுவும் கண்ணில் பட்டால் காயம்தான். ஆகவே அடிப்பவருக்கு முன்னால் எவரும் நிற்கக்கூடாது.

கோல்ஃப் மட்டைகளில், அடிக்கும் முகம் நன்கு சாய்ந்த 9ஆம் எண் இரும்பும் வெட்ஜும் போதும். அவை பந்தை மேலே தூக்கும். சாய்வு குறைந்த மட்டைகள் நெஞ்சளவில் நேராக அனுப்பும். பந்தின் கீழே தும்பு மிதியடி விரிக்காமல் அடித்தால் இரும்பு தாரைச் சுரண்டும், சிறு கல் தெறிக்கும், மணிக்கட்டும் அதிரும். மிதியடி வழுக்காமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்ட வேண்டும்.

குழி தோண்டமாட்டோம். விதிப்படியான குழி 108 மி.மீ. அகலமே, அதற்குப் பதிலாக வெண்கட்டியால் ஒரு மீற்றர் வட்டம் வரைவோம், மழை வந்தால் தானே கழுவப்பட்டுவிடும். வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிவதால் மெதுவாக உருட்டும் பந்து வடிகானையே தேடும். எனவே வட்டம் நடு உயரத்தில் இருக்க வேண்டும். வடிகான் மூடிகளின் இடைவெளிகளை முதல் அடிக்கு முன் சாக்கால் அடைத்து, முடிந்ததும் அகற்ற வேண்டும். தவறினால் பந்து சிக்கி, நீர் தேங்கி, நுளம்பு பெருகும்.

ஒழுங்கை சுமார் 100 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்டு, ஒரு முனை முட்டாக இருந்தால் நல்லது. கண்ணாடி முகப்புக் கடைகளும் தாழ்ந்த மின்கம்பிகளும் உள்ள இடம் வேண்டாம். இரு முனையிலும் விசிலுடன் ஒருவர் நிற்பார். அம்புலன்ஸ் அல்லது வயோதிபர் வந்தால் ஆட்டம் உடனே நிற்கும். இடி கேட்டாலும் அவ்வாறே.

காலிமுகத்திடல்தானே இருக்கிறது என்று கேட்கலாம். 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கழகம் ஆரம்பத்தில் அங்கேதான் ஆடியது. ஆனால் இன்று பட்டம் விடும் பிள்ளைகளும் குடும்பங்களும் நிறைந்த அந்தத் திடலில் எந்தப் பந்தும் பாதுகாப்பல்ல.

சேதத்துக்கான பிணைப்பணத்தை முன்கூட்டியே செலுத்தவும், முதலில் மூன்று போயா தினங்களுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக ஆடவும் இணங்குகிறோம். சபை தரவேண்டியது வீதித் தடுப்புகள் இரண்டும் மும்மொழி அறிவித்தல் பலகை ஒன்றும்.

இப்படிக்கு,
கொழும்பு 13 வீதிக் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்

பிரதி: பொறுப்பதிகாரி, பிரதேச பொலிஸ் நிலையம்