நாங்கள் விட்டுக்கொடுப்பது எங்கள் சம்பளத்தை மட்டும்தான்

திருவிழாக் கமிட்டியாருக்கும், நிதி திரட்ட நாடகம் வைக்கிற ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டுகிறவள். 26 வருடமாக வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் விடிய விடிய மேடையில் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன், மழையில் வீடு இழந்தவர்களுக்கு அரிசி என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் சம்பளம் வாங்காமல் ஆடியிருக்கிறேன். இனியும் ஆடுவேன். என் மனக்குறை அதுவல்ல.

ஒரு வைகாசியில் அப்படித்தான் 'வள்ளி திருமணம்' ஆடினோம். நல்ல வசூல். விடிந்ததும் எல்லோருக்கும் துண்டு போர்த்தினார்கள், மைக்கில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். மேக்கப்பைக் கலைத்துவிட்டு வந்து பார்த்தால், ஆர்மோனியக்கார அண்ணன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறார். "பஸ்ஸுக்கு நேரமாச்சே அண்ணே" என்றேன். "நீ தர்மத்துக்கு ஆடுறேன்னு சொன்னியாம்மா, அதனால எங்களுக்கும் இல்லைன்னுட்டாங்க" என்றார். கையில் அந்தத் துண்டு மடித்தபடி இருந்தது. அன்று இன்னோர் ஊரில் வந்த தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் நாடகம் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் அட்வான்ஸ், தனித்தனியாகத்தான் சம்பளம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அதை நம்பித்தான் மேடையில் சந்திக்கிறோம். நாரதரோடு வள்ளி வாதாடும் தர்க்கம் சூடுபிடித்து, நான் நினைத்திராத இடத்தில் விருத்தத்தைத் தூக்கிப் பாடினால், அரை நொடியில் சுருதியோடு வந்து தாங்குவது அந்த அண்ணனின் விரல்கள். நாரதரும் வள்ளியும் மாறி மாறி உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் மூன்றும் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை எழ முடியாது. திருவிழா சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர்கள் மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். அதில் ஓர் இரவு போவது சின்ன விஷயம் இல்லை.

கே.பி.சுந்தராம்பாள் அம்மாவைப் பற்றி எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காந்தியடிகள் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். தட்டும் எனக்குத்தானே என்று அவர் கேட்க, அம்மா அப்படியே கொடுத்துவிட்டார், அது பொதுக் காரியத்துக்கு ஏலம் போனது என்பார்கள். கொடுமுடியில் பிறந்து, எங்கள் மேடையில் வளர்ந்து, கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் 25 வயதிலேயே வெள்ளைச் சேலைக்கு மாறியவர் அவர். அந்தத் தட்டு அவருடையது, அதனால் கொடுத்தார். பக்கவாத்தியக்காரரின் கூலி என்னுடையது இல்லையே, அதை நான் எப்படிக் கொடுப்பேன்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோட்டீஸ் அடிக்கும் முன்பே பக்கவாத்தியம், மேக்கப், சீன் செட்டிங், மைக் செட்காரர் எல்லோருடைய சம்பளத்தையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். பந்தல் போடுகிறவருக்குக் கொடுக்கத்தானே செய்கிறீர்கள்? மிச்சம் நிற்பதுதான் நிதி. கொஞ்சம் குறையும், குறையட்டும். அவர்களில் யாராவது தாமாகவே "எனக்கும் வேண்டாம்" என்று சொன்னால் சரி, அப்போது அவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள், என் பெயருக்கு முன்னால் சொல்லுங்கள்.

வருகிற சித்திரையில் இரண்டு இரவுகளை நிதி நாடகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். எனக்குப் பஸ் காசுகூட வேண்டாம். ஆர்மோனியக்கார அண்ணனுக்கு அட்வான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் வாயால் கேட்டதும் தேதியை உறுதி செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்திரீபார்ட்